தனியாவா வந்தீங்க?

ஒரு கிழமை யாரோடும் பேசாமல் இருக்க வேண்டும். ஜூலை முழுக்க ஒடிட், கணக்குத் தணிக்கை வேலை. கண்ணை மூடினாலும் எக்செல் கட்டங்கள் தெரிய ஆரம்பித்த பிறகு எனக்கு வந்த ஒரே ஆசை அதுதான். மனைவியிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். ‘போயிட்டு வாங்கோவன்’ என்று உடனே சொல்லிவிட்டாள். அவ்வளவு சுலபமாகச் சம்மதித்தது கொஞ்சம் உறுத்தியது.

போவதுதான் போகிறோம், தனியாக வாழ்ந்தவர்கள் இருந்த இடமாகப் பார்த்துப் போவோம் என்று வழி போட்டேன். மட்டக்களப்பு, தாந்தாமலை, காரைதீவு, கடைசியில் குமணக் காட்டோரம் இருக்கும் குடும்பிகல. பையில் இரண்டு சாரம், ஒரு போர்வை, ஒரு கொப்பி. துறவிகளைப் பற்றி வாசிக்க நிறையப் போனில் சேமித்து வைத்திருந்தேன். கீழே இருப்பது அன்றன்றைக்கு எழுதியது. சனிக்கிழமை மட்டும் சிக்னல் இல்லாததால் அடுத்த நாள் போட்டேன்.

ஆகஸ்ட் 14, புதன் – கல்லடி

ரயில் இரண்டரை மணி நேரம் தாமதம். தண்டவாளத்தில் யானைகள் நின்றனவாம். இருட்டுக்குள் நிற்கும் ரயிலில் மௌனம் பழகலாம் என்று ஜன்னலில் தலை சாய்த்தேன். எதிரே இருந்த ஏறாவூர்க் காக்கா (முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே அப்படித்தான் அழைப்பார்கள்) விடவில்லை.

‘தனியாவா வாறீங்க தம்பி?’

ஓம் என்றேன். அவர் முகத்தில் ஒரு கவலை வந்தது. சாப்பாட்டுப் பொதியை அவிழ்த்து, ‘மாட்டுக்கறி இருக்கு. நீங்க திங்கமாட்டீங்கெண்டா முட்டையும் இருக்கு’ என்று இரண்டையும் தனித்தனியாக நகர்த்தி வைத்தார். நான் முட்டையையும் ரொட்டியையும் எடுத்துக்கொண்டேன். மனிதர் நான் தின்று முடிக்கும்வரை கறியைத் தொடவில்லை. அந்த மரியாதைக்கு விலையாக அவருடைய மூன்று மகள்மாரின் கல்யாணச் செலவுக் கணக்கு முழுவதையும் கேட்டேன். ஒடிட் முடியவில்லை.

மட்டக்களப்பில் இறங்கும்போதே கச்சான் காற்று அடித்துக்கொண்டிருந்தது. மேற்கேயிருந்து வரும் காய்ந்த, சூடான காற்று. உதட்டை நக்கினால் மண் ருசி. கல்லடியில் அறை 3,500 ரூபா, மின்விசிறி மட்டும். பக்கத்துக் கடையில் இடியப்பம், சொதி, சம்பல் 280 ரூபா. பிளேன்ரீ 40. சொதியை இரண்டாம் தடவை ஊற்றியபோது கடைக்காரி கேட்டாள், தனியாவா வந்தீங்க என்று. ரயிலில் ஒன்று, ஓட்டோவில் ஒன்று, இது மூன்று. எண்ணி வைப்போம் என்று கொப்பியின் பின்பக்கத்தில் கோடு போடத் தொடங்கினேன்.

மாலை கல்லடி உப்போடையில் விபுலாநந்தர் சமாதிக்குப் போனேன். துறவி என்றதும் எனக்கு முதலில் ஞாபகம் வந்தவர் இவர்தான், ஆனால் வந்து நின்று யோசித்தால் இவரைப்போல் ஓய்வில்லாத ஆள் இல்லை. 1892-ல் காரைதீவில் பிறந்த மயில்வாகனம், 1924-ல் சென்னையில் சன்னியாசம் வாங்குகிறார். அதற்குப் பிறகு செய்ததெல்லாம் பள்ளிக்கூடம் கட்டுவதும் நடத்துவதும். அண்ணாமலையில் தமிழ்ப் பேராசிரியர், பிறகு 1943-லிருந்து இலங்கைப் பல்கலைக்கழகத்தில். இடையில் இமயமலைப் பக்கம் மாயாவதி ஆசிரமத்தில் இருந்த காலத்திலும் ஒரு மாதப் பத்திரிகைக்கு ஆசிரியர். பழந்தமிழ் யாழைப் பற்றிப் பல வருஷம் ஆராய்ந்து எழுதிய நூல் 1947 ஜூனில் அரங்கேறுகிறது. அடுத்த மாதமே, ஜூலை 19-ல், காலமாகிவிடுகிறார். காவி கட்டியவர் எங்கே ஒதுங்கினார்? எனக்குத் தெரிந்த அலுவலக மனேஜர்களில் பாதிப்பேர் இவரைவிடத் தனியாக இருக்கிறார்கள்.

இருட்டிய பிறகு பழைய பாலத்தடியில் ஒரு தோணிக்காரர், மீன் பாடுவதைக் கேட்கலாம் என்று 800 ரூபாவுக்கு ஏற்றிக்கொண்டார். நடு வாவியில் நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீரில் விட்டு மறுமுனையை என் காதில் வைத்தார். ‘பேசாம இரிங்க. மூச்சும் விடாம இரிங்க’ என்றார். நான் மூச்சு விடவில்லை. அவர் மட்டும், முந்தி எப்படிக் கேட்கும், பறங்கியர் எப்படி வந்து கேட்டார்கள், இப்போது வாகன இரைச்சலில் எப்படிக் கேட்பதில்லை என்று நிறுத்தாமல் சொல்லிக்கொண்டிருந்தார். மீன் பாடியிருக்கலாம்.

ஆகஸ்ட் 15, வியாழன் – தாந்தாமலை

தாந்தாமலைக்குப் போய்வர ஓட்டோ 5,000 ரூபா. மண்முனையில் 2014-ல் பாலம் வருமுன் ‘பாதை’யில்தான் வாவியைக் கடக்க வேண்டும். வாகனங்களை ஏற்றிச் செல்லும் மிதவைக்கு இந்த ஊரில் அதுதான் பெயர். வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் சிறுபோக அறுவடை. றோட்டின் பாதிக்கு நெல் காயப்போட்டிருந்தார்கள். ஓட்டோ மற்றப் பாதியில் பயபக்தியோடு போனது. வழியில் அக்கா வீட்டில் ஒரு சாமான் கொடுத்துவிட்டு வாறன், பத்து நிமிஷம் என்று டிரைவர் போனார். நாற்பது நிமிஷத்துக்குப் பிறகு அக்காவும் வந்து, தனியாவா வந்தீங்க என்று கேட்டு, ஒரு செம்பு மோர் தந்தார்.

இதனால் மலையடிக்குப் போகும்போது மணி பன்னிரண்டே கால். கோயில் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுப் பாறையில் ஏறத் தொடங்கினேன். இருபது அடி போகும்வரை ஒன்றும் தெரியவில்லை. அதற்குப் பிறகு உள்ளங்கால் தோசைக்கல்லில் வைத்தமாதிரி. திரும்புவதா மேலே போவதா என்று நிற்கவும் முடியாது, நின்றால் இன்னும் சுடும். குதித்துக் குதித்து மேலே ஓடி, அங்கே ஒரு சிறு மர நிழலில் ஒற்றைக் காலில் நின்றேன். தூரத்தில் குளமும் காடும். பார்த்தவர்கள் தவம் என்றே நினைத்திருப்பார்கள்.

இறங்கி வந்தபோது இரண்டு காலிலும் கொப்புளம். கோயிலடியில் கற்பூரமும் கச்சானும் (காற்று இல்லை, நிலக்கடலை) விற்கும் ஒரு அம்மா என்னைப் பார்த்துத் தலையில் கை வைத்தார். ‘மத்தியானத்தில கல்லில ஏறுறது ஆரும் செய்யிற வேலையா மனே? உன்னோட ஆரும் வரல்லையா?’ எழுபது இருக்கும். உள்ளே போய் ஒரு சிரட்டையில் தேங்காய் எண்ணெய் கொண்டு வந்து, நான் வேண்டாம் என்னும்போதே காலை இழுத்துத் தன் மடியில் வைத்துத் தடவினார். விரல் காய்ப்புப் பிடித்து, அந்தக் கொப்புளத்தில் உரசும்போது கச்சான் கோதுபோல இருந்தது.

என்ன விஷயமாக வந்தாய் என்றார். முனிவர்கள் இருந்த மலைகளைப் பார்க்கிறேன் என்றேன். உலகத்தை விட்டுக் குகையில் தனியாக இருந்தார்களே, அப்படிப்பட்டவர்கள்.

‘அவங்களுக்கு ஆரு சமைச்சுக் குடுத்த?’

பழம், கிழங்கு என்று இழுத்தேன். அவர் காட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, ஆவணியில இங்க என்ன பழம் கிடக்கு என்றார்.

பேச்சுவாக்கில் அவருடைய கதையும் வந்தது. புருஷன் எப்போதோ போய்விட்டார். மூத்த மகன் 90-ல். இளையவன் 2007-ல், இந்தப் பக்கமெல்லாம் ஆமி வந்த நேரம். எங்கே என்று இன்னும் தெரியாது. பதினேழு வருஷமாகக் கடைக்குப் பின்னால் இருக்கும் ஒற்றை அறையில் தனியாகத்தான் இருக்கிறார். சொல்லும்போது அழவில்லை. கச்சானைச் சுருளில் போட்டபடியே சொன்னார். ‘எனக்குச் சும்மா கிடைச்சதை நீ காசு குடுத்துத் தேடி வந்திரிக்காய்.’

கச்சான் சுருள் 100 ரூபா. எண்ணெய்க்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். கிழக்கில் இப்படி எத்தனை வீட்டில் எத்தனை பேர். தனிமையின் மகத்துவம் பற்றி நான் சேமித்து வைத்திருந்த கட்டுரைகள் எதிலும் இவர்களுக்கு இடமில்லை. துறவு என்றால் விடுவதற்கு ஏதாவது கையில் இருக்க வேண்டும்.

இரவு அறையில் காலைத் தண்ணீரில் வைத்துக்கொண்டு, அவருடைய கேள்விக்குப் பதில் தேடி வாசித்தேன். வனத்து அந்தோனியார் கிடைத்தார். நம் ஊர்க் கோயில்களில் குழந்தை இயேசுவை ஏந்தி நிற்கும் பாதுவை அந்தோனியார் இல்லை. அவருக்கும் தொள்ளாயிரம் வருஷம் முந்தியவர், எகிப்துக்காரர். 251 அளவில் பிறந்து 356 வரை, நூறு வயசுக்கு மேல் வாழ்ந்தவர். கிறிஸ்தவ வனவாசிகளுக்கெல்லாம் தகப்பன் என்று சொல்கிறார்கள். பாழடைந்த ஒரு கோட்டைக்குள் போய்க் கதவை அடைத்துக்கொண்டு இருபது வருஷம் யாரையும் பார்க்காமல் இருந்தார். ஆளைப் பார்க்கவில்லையே தவிர, வருஷத்துக்கு இரண்டு தடவை மேலேயிருந்து ரொட்டி இறக்கிக் கொடுத்திருக்கிறார்கள். ஆறு மாத ரொட்டி. இருபது வருஷம் கழித்து ஆட்கள் கதவை உடைத்துப் பார்த்தபோது அவர் பெருக்கவுமில்லை, இளைக்கவுமில்லையாம். நாற்பது தடவை யாரோ மாவு பிசைந்து, சுட்டு, பாலைவனத்தில் சுமந்து வந்திருக்கிறார்கள். அம்மாவுக்குப் பதில் இதுதான். ஆனால் அந்த யாரோவின் பெயர் நான் வாசித்ததில் எங்கும் இல்லை.

ஆகஸ்ட் 16, வெள்ளி – கல்முனை, காரைதீவு, பொத்துவில்

இந்தப் பயணத்தில் முழுத் தனிமை எனக்குக் கல்முனையில் ஒரு தேநீர்க் கடையில் கிடைத்தது.

வெள்ளிக்கிழமை என்பதை மறந்துவிட்டேன். பஸ்ஸை விட்டு இறங்கி, நொண்டி நொண்டி ஒரு கடைக்குள் போய் உட்கார்ந்து வடையைக் கையால் காட்டினேன். கடைப் பொடியன் ஷட்டரைப் பாதி இறக்கிக்கொண்டிருந்தான். மணியைப் பார்த்தான், என் காலைப் பார்த்தான். ‘ஜும்மாக்குப் போறன் நாநா. வெயிலுக்குள்ள போகாதீங்க, இரிங்க, தொழுதுட்டு வந்து தாறன்’ என்று சொல்லி, மிச்ச ஷட்டரையும் முக்கால்வாசிக்கு இறக்கிவிட்டுப் போயே விட்டான். முன்பின் தெரியாத ஆளைக் கல்லாவோடும் கண்ணாடிப் பெட்டியோடும் உள்ளே விட்டுவிட்டு.

தெருவே அடங்கிப் போனது. ஒரு வாகனச் சத்தமில்லை. ஷட்டருக்கு அடியில் ஒரு முழ உயரத்துக்கு வெளிச்சம், அதற்குள் ஒரு பூனையின் கால்கள் போய்வந்தன. மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை ‘டக்’ என்றது. கண்ணாடிப் பெட்டிக்குள் எட்டு வடை, ஐந்து ரோல்ஸ். போனில் சார்ஜ் இல்லை. செய்ய ஒன்றுமில்லை. முதல் ஐந்து நிமிஷம் வடையைப் பற்றியே நினைத்தேன். பத்தாம் நிமிஷம் அலுவலகத்தில் ஒருவனோடு மனசுக்குள் சண்டை பிடித்து வென்றேன். அதற்குப் பிறகு என்ன நினைத்தேன் என்று ஞாபகமில்லை. அதாவது, ஒன்றும் நினைக்கவில்லை போலிருக்கிறது. பொடியன் ஷட்டரைத் தூக்கியபோது திடுக்கிட்டேன். ஐம்பது நிமிஷம் போயிருந்தது.

‘எடுத்துத் தின்டிருக்கலாமே நாநா’ என்றான். இரண்டு வடை, பிளேன்ரீ, 160 ரூபா.

காரைதீவில் சித்தானைக்குட்டி சுவாமி சமாதி. இராமநாதபுரம் பக்கத்திலிருந்து கடல் தாண்டி வந்தவர், 1951-ல் இங்கே சமாதியானவர் என்கிறார்கள். ஊர்ஊராகத் திரிந்தார், எங்கே சாப்பிட்டார், எங்கே படுத்தார் என்று ஒவ்வொரு ஊருக்கும் ஒரு கதை. சமாதித் திண்ணையில் இருந்த ஒரு பெரியவர் என் கால் கட்டைப் பார்த்து, தனியாவா வந்த நீங்க என்று ஆரம்பித்து (கோடு பதினொன்று), பட்டினத்தார் கதையில் கொண்டுபோய் விட்டார். எல்லாருக்கும் தெரிந்த கதைதான். ஆனால் இந்த ஆள் சொன்ன விதம் வேறு.

திருவிடைமருதூரில் கீழைக் கோபுர வாசலில் பட்டினத்தார், மேலைக் கோபுர வாசலில் அவருடைய சீடர் பத்திரகிரியார். சீடர் முன்னால் அரசன். அவரிடம் பிச்சை எடுக்க ஒரு மண் ஓடு, மிச்சம் தின்ன ஒரு நாய். பிச்சை கேட்டு வந்த ஒருவரிடம் பட்டினத்தார், ‘என்னிடம் ஒன்றுமில்லை, மேலை வாசலில் ஒரு சம்சாரி இருக்கிறான், அவனிடம் போ’ என்றாராம். சம்சாரியா நான் என்று பத்திரகிரியார் ஓட்டைத் தூக்கி எறிய, அது நாயின் தலையில் பட்டு நாயும் போனது.

‘அதுக்குப் பிறகு ஆரு நட்டம்?’ என்று பெரியவர் என்னைக் கேட்டார். எனக்கு விளங்கவில்லை. ‘நாய்தான் தம்பி. ரெண்டு பேரும் மோட்சம் போயிட்டாங்க. நாய் என்ன பிழை செஞ்சது?’ நாய்க்கும் மறுபிறப்பில் கதி கிடைத்ததாகக் கதை தொடரும் என்று சொல்லிப் பார்த்தேன். அவர் அந்தப் பகுதியை ஏற்றுக்கொள்ளவில்லை. துறப்பவன் தூக்கி எறிவது யாருடைய தலையிலோ விழுகிறது என்பதில் உறுதியாக இருந்தார். வீட்டுக்குப் போன் கோல் எடுத்தேன். சின்னவளுக்குக் காய்ச்சலாம், நேற்றிலிருந்து. ஏன் சொல்லவில்லை என்றேன். ‘நீங்கள் கதைக்காமல் இருக்கப் போன ஆள்தானே’ என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் கஷ்டம். இப்போது பரவாயில்லையாம், பாண் சாப்பிட்டாளாம்.

அக்கரைப்பற்று, திருக்கோவில் வழியாகப் பொத்துவில் பஸ். நின்றுகொண்டே வந்தேன், கொப்புளங்களோடு.

பொத்துவில் கெஸ்ட் ஹவுஸில் கடலில் சறுக்க வந்த வெள்ளைக்காரர்கள். இரவுச் சாப்பாட்டு மேசையில் ஓர் இங்கிலாந்துப் பொடியன், என் பயணத்தைக் கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான். அவன் ஊர்ப் பக்கம், சரே மாவட்டத்தில், பெயின்ஸ்ஹில் என்று ஒரு பெரிய தோட்டம் இருக்கிறதாம். பதினெட்டாம் நூற்றாண்டில் அதன் சொந்தக்காரர் சார்ல்ஸ் ஹமில்டன், தோட்டத்துக்கு அழகாக இருக்கட்டும் என்று ஒரு முனிவரைச் சம்பளத்துக்குத் தேடினார். ஏழு வருஷம் குடிலில் இருக்க வேண்டும், தலைமுடி நகம் வெட்டக் கூடாது, யாரோடும் பேசக் கூடாது. முடித்தால் 700 கினி. வந்த ஆள் மூன்றே கிழமையில் ஊர்ச் சாராயத் தவறணையில் பிடிபட்டான் என்பது கதை. அந்தக் காலத்தில் பணக்காரர்களுக்கு இது ஒரு நாகரிகமாம்.

நான் என் பங்குக்கு, போனில் படித்த அமெரிக்கக்காரனைச் சொன்னேன். கிறிஸ்தோபர் நைட். 1986-ல் இருபது வயசில் மெய்ன் மாநிலக் காட்டுக்குள் போனவன் 2013-ல்தான் வெளியே வந்தான், அதுவும் திருடும்போது பிடிபட்டு. 27 வருஷம் கிட்டத்தட்ட யாரோடும் பேசவில்லை. குளிருக்கு நெருப்புக்கூட மூட்டவில்லை, புகை காட்டிக்கொடுக்கும் என்று. ஆனால் சாப்பாடு? சுற்றியிருந்த விடுமுறை வீடுகளை ஆயிரம் தடவை அளவில் உடைத்து எடுத்திருக்கிறான். அந்தோனியாருக்கு இறக்கிக் கொடுத்தார்கள், இவனுக்குக் கொடுக்க ஆளில்லை, எடுத்துக்கொண்டான்.

மீன் பொரியலும் சோறும் 1,600 ரூபா. கல்லடியில் இதே சாப்பாடு 450.

ஆகஸ்ட் 17, சனி – குடும்பிகல, உகந்தை

பாணமைக்கார ஓட்டோ அண்ணன். அம்மா தமிழ், அப்பா சிங்களம். அந்த ஊரில் அது புதினமில்லை. 7,000 ரூபா பேசி விடியற்காலை ஐந்தரைக்குப் புறப்பட்டோம். பாணமை தாண்டியதும் கிறவல் றோட்டு. மயில்கள் றோட்டைத் தங்கள் முற்றமாக நினைத்து நின்றன. ஒரு குளத்தோரம் எருமைக் கூட்டம், அதற்கு அப்பால் ஒற்றை யானை. அண்ணன் எஞ்சினை நிறுத்தி, ‘இவர் தனியன். கூட்டத்தை விட்டு வந்தவர். இவருக்குத்தான் பயப்படணும்’ என்றார். பன்னிரண்டு நிமிஷம் அந்த முனிவர் றோட்டோரம் பற்றை பிடுங்கித் தின்று முடிக்கும்வரை காத்திருந்தோம். கொஞ்சத் தூரம் போனதும் டயர் பஞ்சர். மாற்று டயரிலும் காற்றுக் குறைவு. மிச்ச வழியை மாட்டுவண்டி வேகத்தில் போனோம்.

குடும்பிகலவில் பாறைகளைப் பார்த்தால் யாரோ பெரிய பிள்ளை விளையாடிவிட்டு அப்படியே விட்டுப் போனதுபோல இருக்கும். அவற்றின் அடியில் 200-க்கும் மேற்பட்ட குகைகள். கிறிஸ்துவுக்கு முந்திய காலத்திலிருந்து பிக்குமார் இருந்த இடம். பிறகு பல நூற்றாண்டு காடு மூடிக் கிடந்து, இருபதாம் நூற்றாண்டில் திரும்பவும் வனவாசிகள் வந்தார்கள். இப்போதும் இருக்கிறார்கள்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கிழக்கில் பழைய கல்வெட்டு, குகை, தொல்பொருள் பலகை என்றாலே நம் ஆட்களுக்கு வயிறு கலங்கும். அதற்குக் காரணங்கள் இருக்கின்றன. நானும் அந்த வயிற்றோடுதான் படியேறினேன்.

கொஞ்சம் உயரத்தில் ஒரு குகை. உள்ளே சாணிபோட்டு மெழுகினமாதிரி வழவழப்பான தரை, ஒரு பாய், ஒரு தண்ணீர்க் குடம். அண்ணன் குகை வாசலின் மேலே காட்டினார். பாறையின் நெற்றியில், இரண்டு விரல் அகலத்தில், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரு காடி வெட்டியிருக்கிறது. மழைத் தண்ணீர் பாறையில் வழிந்து வந்தால் அந்த விளிம்போடு சொட்டி வெளியே விழுந்துவிடும், உள்ளே வராது. இந்த ஒரு வெட்டுத்தான் பாறை இடுக்கை வீடாக்கியது. காடிக்கு உள்பக்கம், மழை படாத இடத்தில், எழுத்துக்கள் பொறிப்பது வழக்கம். இலங்கையில் இப்படி ஆயிரத்துக்கும் மேற்பட்ட குகைக் கல்வெட்டுகள், பழைய பிராமி எழுத்தில். அநேகமாக எல்லாவற்றிலும் ஒரே வாசகம்: இன்னாருடைய குகை, வந்தவர்களும் இன்னும் வராதவர்களுமான நாற்றிசைச் சங்கத்துக்கு.

அந்த இன்னார் யார்? உள்ளே இருந்து தவம் செய்தவர் இல்லை. கொடுத்தவர். ஊர்த்தலைவர், வணிகர், வீட்டுக்காரர், உபாசிகை. ‘பருமக’ என்று ஒரு பட்டம் திரும்பத் திரும்ப வரும், அதை நம் ‘பெருமகன்’ என்ற சொல்லோடு சேர்த்துப் பார்ப்பவர்கள் உண்டு. வவுனியாவுக்கு அருகே பெரியபுளியங்குளத்தில் தமிழ் வணிகன் விசாகன் என்றே பெயர் சொல்லிக் குகை கொடுத்திருக்கிறான். உள்ளே இருபது, முப்பது வருஷம் தனியாக இருந்து செத்துப்போனவனுக்குப் பெரும்பாலும் பெயர் இல்லை. அவனுக்குக் கூரை போட்டவனுக்கு இரண்டாயிரம் வருஷமாகப் பெயர் இருக்கிறது. விட்டவன் பெயரையும் விட்டுவிட்டான் என்று சொல்லலாம். எனக்கு அந்தக் கோட்டையில் ரொட்டி இறக்கியவர்கள் ஞாபகம் வந்தார்கள்.

வள்ளுவர் தவம் அதிகாரத்தில் ஒரு குறளில் கொஞ்சம் குறும்பாகக் கேட்பார்: துறந்தவர்களுக்கு வேண்டியதைக் கொடுப்பதற்காகத்தான் மற்றவர்கள் தாங்கள் தவம் செய்ய மறந்துபோனார்களோ என்று. பள்ளிக்கூடத்தில் பாடமாக்கியது. அந்தக் காடிக்கு அடியில் நின்றபோதுதான் அது கேள்வியாகக் கேட்டது.

குகைக்குள் தனியாக உட்கார அனுமதித்தார்கள். கச்சான் காற்று உள்ளே வரவில்லை, கல் குளிர்ந்து கிடந்தது. கல்முனைத் தேநீர்க் கடை அனுபவம் திரும்ப வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. பஞ்சர் டயரும் சின்னவளின் காய்ச்சலும்தான் வந்தன.

கீழே இறங்கும்போது தானசாலையில் ஒரு வயதான ஹாமுதுரு, பிக்குவைச் சிங்களத்தில் அப்படித்தான் சொல்வார்கள். அண்ணன் மொழிபெயர்த்தார். இது வஸ் காலம், மழைக்கால மூன்று மாதம் பிக்குமார் இடம் மாறாமல் இருப்பார்கள். தினமும் மத்தியானத்துக்கு முன் ஒரு வேளைச் சாப்பாடு. யார் கொண்டுவருவது என்றேன். அவர் மேசையிலிருந்து ஒரு தடித்த சீ.ஆர். கொப்பியை எடுத்து நகர்த்தினார். தேதி, ஊர், பெயர், போன் நம்பர். அம்பாறை, மொனராகலை, எங்கெங்கோ தூர ஊர்கள். வருஷம் முழுக்கக் கோடு போட்டு நிரப்பியிருந்தது. கணக்குக் கொப்பிகளோடு பிழைப்பவன் நான், அவ்வளவு ஒழுங்கான பதிவேடு எங்கள் கந்தோரில் இல்லை.

‘மாத்தயா தனியாவா வந்தார்?’ என்று ஹாமுதுரு கேட்டதாக அண்ணன் சொன்னார். பத்தொன்பது. காட்டுக்குள் தனியாக இருக்கப் போனவரும் அதைத்தான் கேட்கிறார்.

பக்கம் புரட்டும்போது நவம்பர் 3 வெறுமையாக இருந்தது. பேனா கொப்பிக்குள்ளேயே நூலில் கட்டிக் கிடந்தது. ஏன் எழுதினேன் என்று எனக்கே தெளிவாகச் சொல்லத் தெரியவில்லை. மேலும் கீழும் சிங்கள எழுத்துக்கள், நடுவில் தமிழில் என் பெயரும் மனைவியின் பெயரும். அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டு, ‘அன்றைக்கும் என் ஓட்டோதான்’ என்றார். முதலில் டயர் மாற்றுங்கள் என்றேன்.

உகந்தையில் அரை மணி நேரம். ஆடி மாதம் பாதயாத்திரைக்காரர்கள் இங்கே தங்கித்தான் காட்டுவழியில் இறங்கிக் கதிர்காமம் போவார்கள். இப்போது காக்கைகளும் கடல் சத்தமும்தான். பாறை மேலே வள்ளியம்மன் கோயில். மணி பதினொன்று. ஏறவில்லை, கீழே நின்றே கும்பிட்டேன்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு – திரும்பும் வழி

பொத்துவிலில் ஒரு சட்டி எருமைத் தயிர் வாங்கினேன், 650 ரூபா. கொழும்பு பஸ்ஸில் மடியிலேயே வைத்திருந்தும் சியம்பலாண்டுவைக்கு அப்பால் ஒரு பிறேக்கில் கால்வாசி சாரத்தில் கொட்டியது. பக்கத்து இருக்கை அக்கா கைலேஞ்சி தந்தார். தயிரை வழித்துப் போடப் பையும் தந்தார். பிறகு கேட்டார். இருபத்தைந்து.

வீட்டுக்கு வரும்போது இரவு ஒன்பதரை. சின்னவள் தூங்கிவிட்டாள், நெற்றி குளிர்ந்திருந்தது. மனைவி காலைப் பார்த்து, எண்ணெய் வைத்தது யார் என்று கேட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன். ரயில் காக்கா, கச்சான் அம்மா, தேநீர்க் கடை, யானை, கொப்பியில் பெயர் எழுதியது. அதற்குக் கோபிப்பாள் என்று நினைத்தேன். மிச்சத் தயிர்ச் சட்டியைக் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, கலண்டரில் நவம்பரைப் புரட்டினாள்.

‘ஞாயிற்றுக்கிழமை. சனி இரவே போய்ச் சமைக்க வேணும். எத்தனை பேருக்கு?’

அதைக் கேட்க மறந்துவிட்டேன்.